ஒயில் ஒழுகும் வாகனத்தை வாங்கலாமா?

நமது வியாபாரிகளில் பலருக்குக் கடைக்கு அடுத்தபடியாக உள்ள பெரிய முதல் வேன்தான். சரக்கு எடுப்பதும் அதில்தான், கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அதில்தான், வெள்ளிக்கிழமை பின்னேரம் குடும்பத்தோடு பயணம் போவதும் அதில்தான். ஆனால் ஒரு மூட்டை அரிசி வாங்கும்போது கையை உள்ளே விட்டுப் பார்க்கும் நாம், பல இலட்சம் கொடுத்து ஒரு பழைய வேனை வாங்கும்போது கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, டயரைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டு, "நல்ல வண்டி" என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் எனது சகோதரியின் மகன் என்னிடம் வந்தான். மாவனல்லை, கேகாலை, றம்புக்கனைப் பக்கக் கடைகளுக்கு பிஸ்கட், இனிப்பு வகைகள் விநியோகம் செய்பவன். இதுவரை வாடகை வேனில் ஓடியவன், சொந்தமாக ஒன்று வாங்கப் பணம் சேர்த்திருந்தான். "மாமா, ரெண்டு டவுன் ஏஸ் பார்த்து வச்சிருக்கன். ஒண்டுல ஒயில் ஒழுகுது. மத்தது சொட்டுக் கூட இல்ல, எஞ்சின் பளபளண்டு இருக்கு. ஒழுகாததையே எடுப்பம் எண்டு யோசிக்கிறன்" என்றான்.

நாங்கள் இரண்டையும் போய்ப் பார்த்தோம். கடைசியில் வாங்கியது ஒழுகிய வேனைத்தான். ஏன் என்பதைச் சொல்லவே இவ்வாரப் பத்தி.

இரண்டு தவறான பேச்சுகள்

ஒயில் ஒழுகல் பற்றி நமது சந்தையில் இரண்டு பேச்சுகள் உண்டு. ஒன்று, விற்பவரும் தரகரும் சொல்வது: "பழைய வண்டி என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும், பெரிசா எடுக்காதீங்க." மற்றது, அனுபவம் குறைந்த வாங்குபவர் சொல்வது: "ஒரு சொட்டு இருந்தாலும் எனக்கு வேண்டாம்." இரண்டும் பிழை என்பதே எனது கருத்து.

முதலில் அளவைப் பாருங்கள். ஒரு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 20 சொட்டு என்று வையுங்கள். இரவில் நிறுத்தி வைத்த இடத்தில் தினம் ஒரு சொட்டு விழும் வண்டி, ஒரு வருடத்தில் அந்த இடத்தில் சிந்துவது ஒரு மேசைக்கரண்டியை விடச் சற்றுக் கூடுதலான ஒயில்தான். அதற்காக நல்ல வண்டியொன்றைக் கைவிடுவது அறிவல்ல. ஆனால் நிற்கும்போது ஒரு சொட்டு விடும் அதே வண்டி, ஓடும்போது ஒயில் அழுத்தம் ஏறி நூறு மடங்கு விடலாம். ஆகவே தரையிலுள்ள கறையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எங்கிருந்து ஒழுகுகிறது, எவ்வளவு வேகமாக ஒழுகுகிறது, ஏன் ஒழுகுகிறது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் பதில் வேண்டும்.

எங்கிருந்து?

ஒயில் மேலிருந்து கீழே வடியும், ஓடும் காற்றில் பின்னோக்கிப் பரவும். கீழே நனைந்திருக்கும் இடம் ஒழுகும் இடமாக இருக்க வேண்டியதில்லை. ஈரமாக உள்ள இடங்களில் ஆக மேலே, ஆக முன்னே இருப்பது எதுவென்று தேட வேண்டும். டவுன் ஏஸ் போன்ற வேன்களில் எஞ்சின் முன் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது. ஆசனத்தைத் தூக்காமல் பார்ப்பது பார்த்ததாகாது.

மேலே டெபெட் கவர் பெக்கிங்கில் கசிவு என்றால் அது மலிவான வேலை, ஒரு காலை நேரத்தில் முடியும். ஆனால் அந்த ஒயில் சூடான புகைக்குழாயில் விழுந்தால் வாடை வரும், புகை வரும், தீப்பிடிக்கவும் கூடும். மலிவு என்பதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.

பழைய டீசல் டொயோட்டாக்களில் ஒல்டனேட்டரின் பின்னால் ஒரு வெக்யூம் பம்ப் இருக்கிறது. அதற்கு எஞ்சின் ஒயில் குழாய் மூலம் போகிறது. அந்தக் குழாய் காய்ந்து வெடித்து ஒழுகுவது சாதாரணம். குழாய்க்குக் காசு அதிகமில்லை. ஆனால் பிரேக் பூஸ்டருக்கு வேலை கொடுப்பது அந்தப் பம்ப்தான் என்பதை மறக்க வேண்டாம். பிரேக் கல்லாகக் கனத்தால் காரணம் இங்கே இருக்கலாம்.

எஞ்சினின் முன்பக்கம் கேம் சீல், கிரேங்க் சீல் ஆகியவற்றில் ஒழுகினால் கவனம். 2சி போன்ற எஞ்சின்களில் அங்கேதான் டைமிங் பெல்ட் ஓடுகிறது. ஒயில் பட்ட பெல்ட் ஊறி இளகி, ஒருநாள் அறுந்துவிடும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். சில ஆயிரம் ரூபாய்ச் சீல் ஓர் எஞ்சினையே சாப்பிட்டுவிடும்.

எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தில் ஒயில் சொட்டினால் அது பெரும்பாலும் பின்பக்கச் சீல். சீலின் விலை சிறிது, கூலி பெரிது. கியர்பொக்ஸை இறக்காமல் அதைத் தொட முடியாது. இறக்குவதென்றால் கிளட்ச் பிளேட்டையும் சேர்த்து மாற்றுவதே புத்தி.

பின் சக்கரத்தின் உள்பக்கம் நனைந்திருந்தால் அது எஞ்சின் ஒயிலே அல்ல, அக்ஸல் சீல் போய் டிபரென்ஷல் ஒயில் வெளியே வருகிறது. அது பிரேக் லைனரில் ஏறினால் பாரம் ஏற்றி இறக்கம் இறங்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இதைச் சரிசெய்யாமல் ஒரு நாளும் ஓடக் கூடாது.

சொட்டுவது எதுவென்று விரலில் தொட்டு, முகர்ந்து பாருங்கள். கறுப்பு என்றால் எஞ்சின் ஒயில். தடிப்பாக, கந்தக வாடை அடித்தால் கியர் அல்லது டிபரென்ஷல் ஒயில். சிவப்பு என்றால் பவர் ஸ்டியரிங் அல்லது ஓட்டோ கியர் ஒயில். பச்சை, இளஞ்சிவப்பு நிறத்தில் தண்ணீர் போலிருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். ஏசி போட்ட வண்டியின் கீழே வெறும் தண்ணீர் சொட்டினால் அதற்குப் பயப்படத் தேவையில்லை.

ஏன்?

ஒரே இடத்தில் ஒழுகினால் அந்த இடத்தில் பழுது. நாலைந்து இடங்களில் ஒரே காலத்தில் ஒழுகினால் பழுது அந்த இடங்களில் அல்ல, எஞ்சினுக்குள் இருக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எரிந்த காற்று கீழே இறங்கி உள்ளே அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் ஒயிலை எந்த வழி கிடைத்தாலும் வெளியே தள்ளும். அப்படிப்பட்ட எஞ்சினுக்குச் சீல் மாற்றுவது ஓட்டைப் பானைக்கு மூடி போடுவது போன்றது, காசு போகும், ஒழுகல் நிற்காது.

இதைக் கண்டுபிடிக்க ஆயுதம் எதுவும் வேண்டாம். எஞ்சின் சூடான பிறகு, மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். மெல்லிய ஆவி வருவது பிரச்சினையல்ல. ரயில் போல 'புசுபுசு' என்று புகை தள்ளினால், மூடியைத் தளர்வாக வைத்ததும் அது துள்ளினால், உள்ளே தேய்மானம் உண்டு. ஒரு வார்த்தை நியாயமும் சொல்ல வேண்டும்: காற்றுக் குழாய் அடைபட்டிருந்தாலும் இப்படி வரலாம். அதைக் கழற்றித் துப்புரவு செய்து மீண்டும் பார்த்த பின்பே முடிவுக்கு வாருங்கள்.

மூடியின் உட்புறத்தில் பால் தேநீர் நிறத்தில் பசை இருந்தாலோ, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலோ, ஒயிலும் தண்ணீரும் கலக்கின்றன என்றே கொள்ள வேண்டும். ஹெட் கெஸ்கட்டாக இருக்கலாம், ஹெட் வெடிப்பாக இருக்கலாம். சூடேறினால் ஹெட் வெடிப்பது 2சி எஞ்சினுக்குப் பெயர்போன நோய். அந்த வேனை விற்பவருக்கே விட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

எவ்வளவு வேகமாக?

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருவதாகச் சொல்லுங்கள். வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்றும் கேளுங்கள். வண்டி வழமையாக நிற்கும் இடத்தைப் பாருங்கள். ஒயில் கோலை இழுத்து மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நனைந்த இடங்களைத் துணியால் துடைத்துவிட்டு, ஏற்றமும் இறக்கமும் உள்ள பாதையில் முப்பது கிலோமீற்றராவது ஓடுங்கள். திரும்பி வந்து, கீழே ஒரு சுத்தமான காட்போர்ட் மட்டையை விரித்து இருபது நிமிடம் விடுங்கள். பிறகு மட்டையையும், துடைத்த இடங்களையும் பாருங்கள். தரகரின் வாய் சொல்லாததை அந்த மட்டை சொல்லும்.

உரிமையாளரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "சேர்விஸுக்கும் சேர்விஸுக்கும் இடையில் எவ்வளவு ஒயில் ஊற்றுகிறீர்கள்?" 5,000 கிலோமீற்றருக்கு அரை லீற்றர் என்பது ஒரு கதை. 1,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் என்பது வேறு கதை. "ஊற்றியதே இல்லை" என்று சொல்பவரின் ஒயில் கோல் அடிமட்டத்தில் இருந்தால், அவர் பொய் சொல்கிறார் அல்லது வண்டியைப் பார்ப்பதே இல்லை. இரண்டும் வாங்குபவருக்கு நட்டம்தான்.

பளபளத்த வேன்

இனி மருமகன் பார்த்த முதல் வேனுக்கு வருகிறேன். எஞ்சின் கழுவித் துடைத்து மினுமினுத்தது. ஒயில் கோலை இழுத்தேன். ஒயில் தேன் நிறத்தில் இருந்தது. டீசல் எஞ்சினில் ஒயில் ஊற்றிச் சில நாள் ஓடினாலே கறுத்துவிடும். தேன் நிறம் என்றால் நேற்றோ முந்தாநாளோ மாற்றியிருக்கிறார்கள். தொட்டால் வழமையை விடத் தடிப்பாகவும் இருந்தது. தடித்த ஒயில் கசிவையும் குறைத்துக் காட்டும், எஞ்சின் தட்டும் சத்தத்தையும் அமுக்கும். வேன் நிற்கும் இடத்தில் புது மணல் பரப்பியிருந்தார்கள். முற்றம் முழுவதும் அல்ல, வேனின் எஞ்சினுக்கு நேர் கீழே மட்டும். காலால் மணலைத் தள்ளிப் பார்த்தேன். கீழே நிலம் தார் போலக் கறுத்திருந்தது. மூடியைக் கழற்றியதும் புகை தள்ளியது.

விற்பவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. தேநீர் தந்தார், குடித்துவிட்டு வந்தோம்.

இரண்டாவது வேன் பிலிமத்தலாவையில். எஞ்சினின் மேல்பக்கமும் முன்பக்கமும் ஒயிலும் தூசியும் சேர்ந்து படிந்திருந்தது. உரிமையாளர் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர். நாங்கள் கேட்கும் முன்பே, "டெபெட் கவரிலும் முன்பக்கச் சீலிலும் கசிவு இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால் லீற்றர் அளவு ஊற்றுகிறேன்" என்றார். சேர்விஸ் பற்றுச்சீட்டுகளை ஒரு பைலில் போட்டு வைத்திருந்தார். மாவனல்லைக்கு இறங்கி, மீண்டும் கடுகன்னாவை ஏற்றம் ஏறித் திரும்பினோம். சூடு ஏறவில்லை. மூடியைக் கழற்றினால் புகை தள்ளவில்லை. துடைத்த இடங்களில் அவர் சொன்ன இரண்டு மட்டுமே மீண்டும் ஈரமாகின.

கணக்குப் போடும் முறை

இங்கேதான் வியாபாரிகள் தவறு விடுகிறார்கள். "ஒயில் ஒழுகுது, அம்பதாயிரம் குறைங்க" என்று கண்ணை மூடிக்கொண்டு பேரம் பேசுகிறோம். அவரும் குறைக்கிறார், நாமும் வென்றதாக நினைக்கிறோம். வேலைக்கு எவ்வளவு போகும் என்று தெரியாமல் பெற்ற கழிவு கழிவே அல்ல.

முதலில் நம்பிக்கையான பாஸ் ஒருவரிடம் காட்டி, வேலைக்கு எழுத்தில் மதிப்பீடு எடுங்கள். உதாரணத்துக்கு, சீல், பெக்கிங், பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 60,000 ரூபா என்று வைப்போம். திறந்த பிறகு தெரியவரும் வேலைகளுக்காக அதில் பாதி, 30,000. வேன் கராஜில் நிற்கும் நாட்கள் மூன்று. ஒரு நாளைய விநியோக இலாபம் 8,000 என்றால் 24,000. மொத்தம் 114,000. ஐம்பதாயிரம் குறைத்து வாங்கியவர் உண்மையில் 64,000 கூடக் கொடுத்திருக்கிறார். இந்தக் கணக்கை விற்பவரின் முன்னால் கடதாசியில் போட்டுக் காட்டுங்கள். நேர்மையானவர் ஏற்றுக்கொள்வார். ஆசிரியரும் ஏற்றுக்கொண்டார், முழுவதையும் அல்ல, பெரும்பகுதியை.

இன்னொன்று. லீசிங்குக்காகவோ இஜாராவுக்காகவோ செய்யும் மதிப்பீட்டு அறிக்கை, வாகனத்தின் சந்தை விலையைச் சொல்வது. அது எஞ்சினின் உடல்நலச் சான்றிதழ் அல்ல. "கொம்பனியே பாஸ் பண்ணிட்டு" என்று நிம்மதியடைய வேண்டாம்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின், கிடைத்ததைக் கிடைத்த விலைக்கு வாங்கும் பழக்கம் நமக்கு வந்தது. இன்று விட்டால் நாளை கிடைக்காது என்ற பயம் அப்போது நியாயமானது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. வரி காரணமாகப் புதியது எல்லோருக்கும் எட்டாதிருக்கலாம், ஆனால் அந்தப் பழைய பயத்தை வைத்துக்கொண்டு பழைய வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்கத் தேவையில்லை. விற்பவரை விட வாங்குபவர் அவசரப்பட்டால் நட்டம் யாருக்கு என்பதை வியாபாரிகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

நாம் வாங்குபவர்கள் மட்டுமல்ல, விற்பவர்களும்தான். ஆகவே எனது சொந்தக் கதையையும் சொல்கிறேன்.

1999 இல் எனது பழைய வேனை விற்றேன். முன்பக்கச் சீல் ஒழுகியது. தரகர் எஞ்சினைக் கழுவச் சொன்னார், கழுவினேன். தடித்த ஒயில் ஊற்றச் சொன்னார், ஊற்றினேன். வாங்கியவர் வாரச் சந்தைகளில் பிளாஸ்டிக் சாமான் விற்கும் ஓர் இளைஞர். மனைவியின் நகையை விற்ற காசு என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு மாதம் போகவில்லை, டைமிங் பெல்ட் அறுந்து வழியில் நின்றுவிட்டது. அவர் கடைக்கு வந்தார். சண்டை பிடிக்கவில்லை. "நானா, இது உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். "தெரியாது" என்றேன். கடையில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று இரவு வாப்பாவிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. "அந்தப் பொடியன்ட காச நாளைக்குக் கொண்டுபோய்க் குடு" என்றார். நான் திருத்தச் செலவில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுவதையும் கொடுத்திருக்க வேண்டும். அவர் வாங்கிக்கொண்டார், அதற்குப் பிறகு எனது கடைப் படி மிதிக்கவில்லை.

1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் நமது கொடுக்கல் வாங்கலுக்கு அடிப்படை. பார்த்து வாங்கியவர், பார்த்திருந்தால் தெரிந்திருக்கக் கூடிய குறைக்காக வழக்குப் பேசுவது அதன்கீழ் இலகுவல்ல. ஆகவே நீதிமன்றம் என்னை ஒன்றும் செய்திருக்காது. ஆனால் நமக்கு அதற்கு மேலும் ஒரு சட்டம் உண்டு. மேலே உலர்ந்த தானியத்தையும் கீழே நனைந்ததையும் வைத்து விற்ற வியாபாரியை நபியவர்கள் கண்டித்த சம்பவம் நமது பிள்ளைகளுக்கும் தெரியும். குறையை மறைத்து விற்றால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது மார்க்க சட்டத்தின் பாலபாடம். கழுவிய எஞ்சினும் அந்தத் தானியக் குவியலும் ஒன்றுதான்.

2017 இல் அடுத்த வேனை விற்கும்போது அதன் குறைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். வந்தவரிடம் சாவிக்கு முன் அந்தத் தாளைக் கொடுத்தேன். 35,000 ரூபா குறைத்துக் கேட்டார், கொடுத்தேன். அன்றைக்கே காசு தந்துவிட்டு வண்டியை எடுத்துப்போனார். இன்றும் அவர் எனது வாடிக்கையாளர்.

மருமகனின் வேனுக்குப் பெக்கிங், சீல், டைமிங் பெல்ட் எல்லாம் மாற்றினோம். திறந்து பார்த்தபோது பெல்ட்டின் ஓரம் ஒயிலில் ஊறத் தொடங்கியிருந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் 1999 இன் கதைதான். ஏழு மாதமாக ஓடுகிறது. சம்ப் ஓரத்தில் இலேசான ஈரம் இன்னும் உண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒயில் கோலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், பார்க்கிறான்.

வேன் வாங்கப் போகும் சகோதரர்களே, அட்வான்ஸ் காசை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு துணியையும் ஒரு காட்போர்ட் மட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். விற்கப் போகும் சகோதரர்களே, எஞ்சினைக் கழுவும் காசுக்கு ஒரு தாளும் பேனையும் வாங்குங்கள்.